மூச்சை இழுக்கும் கருவியோடு வீடு திரும்புகிறவர்களுக்கு

"ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி வென்டிலேட்டர் வேண்டாம்லா?"

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். வேண்டும். வென்டிலேட்டரும் வேண்டும், சளி உறிஞ்சும் சக்‌ஷனும் வேண்டும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ராத்திரி விழித்திருக்க ஆள் வேண்டும். உடம்புக்குள் வைத்த கருவி (டயாஃப்ரம் பேஸர் என்பார்கள்) ஒரே ஒரு வேலை செய்யும்: மூச்சை உள்ளே இழுக்கும். இருமாது, சளி எடுக்காது, தொண்டை அடைத்தால் அதற்குத் தெரியாது. மீதி எல்லாம் வீட்டில் உள்ளவர்களின் கைவேலை. அந்தக் கைவேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எலக்ட்ரிகல் கடை. மருத்துவப் படிப்பு இல்லை. அண்ணன் வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்தது. கம்பெனி இன்சூரன்ஸில் அங்கேயே கருவி பொருத்தினார்கள். நம் நாட்டில் இது அரிது, செலவும் பெரிது. நம் மாவட்டத்தில் தென்னை, பனையிலிருந்து விழுந்து கழுத்து முறிகிறவர்கள், பைக் விபத்தில் சிக்குகிறவர்கள் குறைவில்லை. அவர்களில் யாருக்காவது டாக்டர் இந்தப் பேச்சை எடுத்தால், தலையாட்டும் முன் இதைப் படியுங்கள். நான் சொல்லும் அளவுகள் அண்ணனுக்குச் சொன்னவை. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

யாருக்குப் பொருந்தும்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்று பள்ளியில் படித்தது, டாக்டர்கள் டயாஃப்ரம் என்பார்கள். அது கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வரும். அதை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் சி3, சி4, சி5 என்ற மூன்று இடங்களிலிருந்து கிளம்புகிறது. அடி அதற்கு மேலே விழுந்தால் மூளையின் கட்டளை அங்கேயே நின்றுபோகும், ஆனால் நரம்பும் தசையும் உயிரோடு இருக்கும். கடைப் பாஷையில் சொன்னால், மெயின் சப்ளை போய்விட்டது, வயரிங்கும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன. வெளியிலிருந்து சின்னதாக மின்சாரம் கொடுத்தால் மோட்டார் ஓடும்.

அடி சி3, சி4, சி5 பகுதியிலேயே விழுந்து நரம்பின் வேரே செத்திருந்தால் இந்தக் கருவி பயன்படாது. ஆகவே முதல் படி, ஃப்ரெனிக் நரம்புப் பரிசோதனை. கழுத்தில் மின் தூண்டல் கொடுத்து டயாஃப்ரம் அசைகிறதா என்று எக்ஸ்ரே திரையிலோ ஸ்கேனிலோ பார்ப்பார்கள். இந்தச் சோதனை செய்யாமல் யாராவது "வச்சிரலாம்" என்று சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கருவியில் இரண்டு வகை. பழைய வகை, யேல் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் வில்லியம் கிளென் 1960களில் கொண்டுவந்த வழி: ஃப்ரெனிக் நரம்பின் மேலேயே மின்முனை, தோலுக்கு அடியில் ஒரு ரிசீவர், தோலுக்கு மேலே அதற்கு நேராக ஒட்டும் ஆன்டெனா, வெளியே ஒரு பெட்டி. தோலைத் துளைத்து வயர் எதுவும் வராது. உள்ளே பேட்டரியும் கிடையாது. இரண்டாவது வகையில் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு டயாஃப்ரம் தசையிலேயே பக்கத்துக்கு இரண்டாக நாலு மின்முனை செருகுவார்கள். அவற்றின் வயர்கள் தோல் வழியே வெளியே வந்து ஒரு பெட்டியில் சேரும். ஐந்தாவதாக ஒரு வயர் உண்டு, மின்சாரம் திரும்பிப் போகும் வழி. நாலு ஃபேஸ், ஒரு நியூட்ரல் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு இந்த வகை.

ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர். 2003இல் அவருக்குப் பொருத்தியதும் இதுதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அப்போது படுக்கைப்புண்ணில் ஏறிய தொற்றுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் புரட்டிப் போட யாராவது சோம்பல்பட்டால் மைனி (அண்ணன் மனைவி) இந்தக் கதையைத்தான் சொல்வாள்.

வீட்டுக்கு வரும் முன்: இரண்டு பேர், ஒரு பை

டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது ஆம்பு பேக் அமுக்கக் கற்றிருக்க வேண்டும். ஒருவர் போதாது. அவருக்குக் காய்ச்சல் வரும், கல்யாணத்துக்குப் போவார், கிணற்றடியில் நிற்பார். எங்கள் வீட்டில் மைனி, நான், பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகன் மூன்று பேரும் கற்றோம். அம்மைக்கு எழுபது வயது. "எனக்கு இதெல்லாம் கைகூடாது மக்கா" என்றவள்தான் ஒருநாள் மத்தியானம் தனியாக நாலு நிமிடம் அமுக்கிக்கொண்டு இருந்தாள்.

தொண்டைக் குழாய் (கழுத்தில் துளை போட்டு மூச்சுக்காக வைப்பது) இருந்தால் பேக்கை நேரே அதில் மாட்டலாம். குழாயின் வாயை மூடியிருந்தால் மூடியை முதலில் எடுக்க வேண்டும். ஐந்தாறு வினாடிக்கு ஒரு அமுக்கு. நெஞ்சு எழும்புகிற அளவு போதும், அதற்கு மேல் பலத்தைக் காட்டக் கூடாது. பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அமுக்குவார்கள். அதனால் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

பேக் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தொங்க வேண்டும். அலமாரிக்குள் இருக்கிற பேக் இல்லாத பேக்தான். இன்னொன்று வீல்சேரின் பின்னால்.

முதல் வாரங்கள்: பைய பைய

மாதக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்தால் டயாஃப்ரம் மெலிந்துபோயிருக்கும். கருவி போட்ட அன்றே நாள் முழுக்க ஓடாது. அண்ணனுக்கு மணிக்கு ஐந்து நிமிடத்தில் தொடங்கினார்கள். பிறகு பத்து, கால் மணி, அரை மணி. பகல் முழுக்க வர மாதங்கள் ஆயின். சிலருக்கு இரவும் வென்டிலேட்டர் இல்லாமல் முடியும், சிலருக்குப் பகல் மட்டும்தான். பகல் மட்டும் கிடைத்தாலும் பெரிய லாபம்.

ஒரு நோட்டு போடுங்கள். தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், ஆக்சிமீட்டரில் என்ன, ஸ்பைரோமீட்டர் கொடுத்திருந்தால் ஒரு மூச்சின் அளவு என்ன. மூச்சின் அளவு குறையத் தொடங்குவதுதான் தசை களைத்ததின் முதல் அடையாளம். ஆள் "சோலி இல்ல, இன்னும் கொஞ்ச நேரம்" என்பார். கேட்காதீர்கள். களைத்த தசையை ஓட்டினால் மறுநாள் ஐந்து நிமிடம்கூட ஓடாது.

ஆக்சிமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அது ஆக்சிஜனைக் காட்டும், உள்ளே தேங்கும் கரியமில வாயுவைக் காட்டாது. கூடவே ஆக்சிஜன் வைத்திருந்தால் எண் நன்றாகவே இருக்கும், மூச்சு போதாமலே இருக்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் காரணமில்லாத தூக்கம், பேச்சில் குழப்பம், இந்த மூன்றில் எது வந்தாலும் வென்டிலேட்டருக்கு மாற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உட்கார வைக்கும்போது ஒரு விஷயம். படுத்திருக்கும்போது நன்றாக வந்த மூச்சு, உட்கார்ந்ததும் குறையும். வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் குடல் முன்னால் சரிகிறது, குடைக்குக் கீழே தாங்கல் இல்லை. வயிற்றுப் பெல்ட் கட்டினால் சரியாகும். விலா எலும்புக்குக் கீழேதான் கட்ட வேண்டும், வயர் வெளிவரும் இடத்தில் உரசக் கூடாது. முதல் தடவை உட்கார வைத்தபோது பெல்ட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் முகம் வெளுத்ததைப் பார்த்து கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம்.

தினப்படி

காலையில் முதல் வேலை கைகழுவுவது, இரண்டாவது வயரைப் பார்ப்பது. வயர் வெளிவரும் இடம் சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா. அவருக்கு அங்கே வலி தெரியாது, கண்ணால் பார்ப்பது மட்டும்தான் வழி. வயரில் மடிப்பு விழாமல் ஒரு சுற்று தளர்த்தி விட்டு ஒட்டுங்கள். புரட்டும்போது வயர் கட்டிலின் கம்பியில் மாட்டி இழுபடுவதுதான் வழக்கமான சேதம். ஆன்டெனா வகையாக இருந்தால் அது ரிசீவருக்கு நேராக இருக்கிறதா, ஒட்டும் இடத்தில் தோல் புண்ணாகிறதா என்று பாருங்கள்.

நம்மூரில் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பாட்டினால் குளித்த மாதிரி ஆகாது. தேயுங்கள், ஆனால் நெஞ்சிலும் மேல்வயிற்றிலும் ஒட்டு போடும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுத் தேயுங்கள். எண்ணெய் பட்ட தோலில் பிளாஸ்திரி நிற்காது. அம்மைக்கு இதைப் புரியவைக்க இரண்டு மாதம் ஆனது.

அடுத்தது சளி. வீட்டு வேலையில் பாதி இதுதான். கருவி காற்றை இழுக்கும், இருமலுக்கு வேண்டிய வயிற்றுத் தசை வேலை செய்யாது. அதனால் இருமலை நாம்தான் கொடுக்க வேண்டும். கருவி மூச்சை இழுத்து முடிக்கும் வரை காத்திருந்து, விடத் தொடங்கும் நொடியில் விலாவுக்குக் கீழே இரு உள்ளங்கையையும் வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஒரு தள்ளு. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது, வயரின் மேல் கை வைக்கக் கூடாது. இதைப் படித்துக் கற்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்ட வேண்டும். இருமல் மெஷின் வாங்க வசதி இருந்தால் நல்லது. சக்‌ஷன் டியூபை உள்ளே விட்டு எடுப்பது பத்துப் பதினைந்து வினாடிக்குள் முடிய வேண்டும். நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் நேரம் தானாகத் தெரியும்.

சாப்பாடு நிமிர்ந்து உட்கார்ந்துதான். நாம் விழுங்கும்போது மூச்சு தானாக நின்றுகொள்ளும், கருவிக்கு அந்த நாகரிகம் கிடையாது. வாயில் சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்கும். ஆகவே சின்ன உருண்டை, இழுப்பு முடிந்ததும் விழுங்கு. அண்ணனுக்குக் கஞ்சியை விட மரச்சீனிக் கிழங்கு மசித்தது எளிதாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒன்று. முதல் தடவைகளில் விழுங்கும் பயிற்சி தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சிந்தியதை உடனே துடையுங்கள். எறும்பு ஏறினால் அவருக்குத் தெரியாது, நமக்கும் காலையில்தான் தெரியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது ராத்திரியும்தான். ஏர் பெட் இருந்தாலும்தான்.

பேச்சு

டாக்டர் சொன்ன பிறகு பகலில் தொண்டைக் குழாயை மூடியோ பேச்சு வால்வு மாட்டியோ பேசலாம். நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்திருந்தால் ஒரு மூச்சுக்கு 5 வினாடி. அதில் ஒரு வினாடிக்குச் சற்று மேலே இழுப்பு, மீதியில்தான் வார்த்தை. வாக்கியம் நடுவில் அறுந்து மறுபடி தொடரும். அந்த இடைவெளியில் நாம் புகுந்து வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு சண்டை நடந்தது.

குழாயை முழுக்க மூடினால் காற்று மூக்கு வழியே போகும், மணம் திரும்பும். ஒரு வருஷத்துக்கு மேல் எந்த மணமும் தெரியாமல் இருந்தவர், அடுக்களையில் சாளை பொரிக்கும்போது, "கருகுது..." என்று நிறுத்தி, அடுத்த மூச்சில், "...பாருங்கட்டி" என்றார்.

தூங்கும்போது குழாய் திறந்தே இருக்க வேண்டும், டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய. நமக்குத் தூக்கத்தில் மூச்சிழுக்கும்போது தொண்டையும் சேர்ந்து திறக்கும். கருவிக்கும் தொண்டைக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் தொண்டை ஒட்டிக்கொள்ளும். திறந்திருந்தால் குரல் வராது. ஆகவே கூப்பிட ஒரு வழி வேண்டும். அண்ணன் நாக்கை அண்ணத்தில் வைத்து டொக்கென்று சொடுக்குவார். அதற்கு மூச்சு வேண்டாம். இரண்டு சொடுக்கு என்றால் ஆபத்து. குழந்தைகளுக்கு வைக்கும் மானிட்டர் ஒன்று தலைமாட்டில், மறுமுனை படுக்கிறவர் காதருகில்.

அலாரம் அடித்தால், அடிக்காவிட்டால்

வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். முகத்தைப் பார். பேக்கை மாட்டி அமுக்கு. ஆளைக் கூப்பிடு. அதற்குப் பிறகுதான் பெட்டி, பேட்டரி, வயர். நான் எலக்ட்ரீஷியன் என்பதால் இதில் முதலில் தோற்றவன் நான்தான். அலாரம் கேட்டதும் கை தானாகக் கனெக்டருக்குப் போனது, அண்ணனின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மைனி என்னைத் தள்ளிவிட்டுப் பேக்கை எடுத்தாள். நல்லவேளை.

அலாரமே அடிக்காத ஆபத்து இதைவிடப் பெரிது. தொண்டைக் குழாயில் சளி கட்டியாக அடைத்தாலும் கருவி தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும், விளக்கும் எரியும். வயிறு அசையும், நெஞ்சு உள்வாங்கும், காற்று போகாது. அப்போது உள்குழாயை எடு, சக்‌ஷன் போடு, வழி கிடைக்காவிட்டால் குழாயையே மாற்று. மாற்றுக் குழாய் இரண்டு, ஒன்று அதே அளவு, ஒன்று ஒரு அளவு சின்னது, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

இன்னொரு அவசரம் கருவியைச் சேர்ந்ததல்ல, ஆனாலும் இதற்குள் வரும். கழுத்து முறிந்தவர்களுக்குத் திடீரென்று பிரஷர் எகிறும். தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து வியர்ப்பு. வழக்கமாக இவர்களுக்கு மேல் பிரஷர் 90, 100 என்று குறைவாகத்தான் இருக்கும். அதிலிருந்து 20, 40 ஏறினாலே ஆபத்து, 140ஐப் பார்த்து "நார்மல்தானே" என்று சொல்லக் கூடாது. நிமிர்த்தி உட்கார வை, காலைத் தொங்க விடு, இறுக்கமானதை எல்லாம் தளர்த்து, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா பார். பெரும்பாலும் அதுதான், இல்லாவிட்டால் மலச்சிக்கல். ஆனால் நிமிர்த்தி, பெல்ட்டையும் தளர்த்தினால் மூச்சு குறையும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே ஒருவர் டியூபைப் பார்க்க, மற்றவர் பேக்கோடு நிற்க வேண்டும். குறையாவிட்டால் 108.

கரண்ட்

கருவிப் பெட்டி பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் நிற்காது. பேட்டரி தீரட்டும் என்று காத்திருக்காமல் கையேட்டில் சொன்ன நாளில் மாற்றி, தேதியைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுங்கள். கரண்டை நம்பி இருப்பவை வென்டிலேட்டர், சக்‌ஷன், ஏர் பெட். அவற்றுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று, 12 வோல்ட், ஏட்டுக்கணக்கில் 1800 வாட் மணி. 100 வாட் லோடுக்கு 18 மணி நேரம் என்று கடைக்காரன் சொல்வான். நானே கடைக்காரன், சொல்கிறேன்: பத்து மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். இந்த மூன்றுக்கும் தனி லைன் இழுங்கள். ஃபேனையும் டிவியையும் அதில் சேர்க்காதீர்கள்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். முப்பந்தலில் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும், நம் வீட்டில் விளக்கு எரியாது. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, இரண்டு மழைக்கும் தயாராக வேண்டும். காலால் மிதித்து ஓட்டும் சக்‌ஷன் பம்ப் ஒன்று வாங்குங்கள். வீட்டில் உள்ள மொத்தச் சாமானிலும் எனக்குப் பிடித்தது அதுதான், வயரே கிடையாது. கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. உள்ளூர் மின்வாரிய அலுவலகத்திலும் இப்படி ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்து வையுங்கள்.

வெயில் காலத்தில் வேறு கவலை. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு வியர்க்காது, சூடு ஏறிக்கொண்டே போகும். ஈரத்துணி, ஃபேன், மத்தியான வெயிலில் வெளியே எடுக்காமல் இருப்பது.

வெளியே போகும்போது ஒரு அட்டை

லேமினேட் செய்த அட்டை வீல்சேரில் தொங்கட்டும். தமிழில், ஆங்கிலத்தில், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் மலையாளத்திலும். அதில் இருக்க வேண்டியவை: இது மூச்சுக் கருவி, இதயப் பேஸ்மேக்கர் அல்ல. இசிஜி எடுத்தால் இதன் துடிப்பு கோடுகளாகத் தெரியும், அதைப் பார்த்து இதயக் கருவி என்று குழம்ப வேண்டாம். எம்ஆர்ஐ அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, தயாரிப்பாளரிடம் கேட்காமல். ஷார்ட்வேவ் டயதெர்மி (பிசியோதெரபியில் சூடு கொடுக்கும் மெஷின்) வைக்கக் கூடாது. அறுவை சிகிச்சையில் மின்கத்தி பயன்படுத்துமுன் பேச வேண்டும். பிரஷர் வழக்கமாக இவ்வளவு. கீழே வீட்டு நம்பர் இரண்டு.

டயதெர்மியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஒரு இடத்தில் பிசியோதெரபிக்குப் போனபோது அந்த மெஷினைத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தே விட்டார்கள்.

காகிதங்கள்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் யுடிஐடியும் (நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அட்டை) முதலில். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒருவர் தனியாகப் போய், எந்த நாளில் டாக்டர்கள் பார்ப்பார்கள் என்று கேட்டு வருவது நல்லது. பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேதான் விண்ணப்பம். சாலை விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இனி வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டிய பேட்டரி, வயர், சக்‌ஷன் டியூப் செலவைப் பட்டியலாக்கி வக்கீலிடம் கொடுங்கள், ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கொடுத்தால் போதாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். இந்தக் கருவி அவர்களுக்குப் புதிதாக இருக்கும், அட்டையைக் காட்டுங்கள். வீல்சேர், புரட்டுவது, சிறுநீர்ப் பழக்கம் இதையெல்லாம் கற்க தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை விசாரிக்கலாம். 1981இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்தில் அடிபட்டு கைகால் செயலிழந்தவர்.

கடைசியாக ராத்திரி முறை. வாரத்துக்கு ஏழு ராத்திரி ஒருவரே விழித்தால் மூன்றாவது வாரம் அவர் அலாரத்துக்கும் எழமாட்டார். எங்கள் வீட்டில் திங்கள், புதன், வெள்ளி மைனி. செவ்வாய், வியாழன் நான். சனி மகன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் ஆற்றூரிலிருந்து வருவான். அவன் வந்ததும் முதலில் செய்வது, ஆணியில் தொங்கும் பேக்கை எடுத்து வாயை உள்ளங்கையால் அடைத்து ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது, காற்று ஒழுகுகிறதா என்று.